ஆடியில் பார்க்க வேண்டிய வீடு

இந்த ஊரில் வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் எங்கே போவார்கள் என்று இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும். நேரே மொட்டை மாடிக்கு. குழாயில் தண்ணீர் வருமா, கதவு ஒழுங்காகச் சாத்துமா என்பதெல்லாம் அப்புறம். மாடி ஏறி, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, கோபுரம் தெரிகிறதா என்று தேடுவார்கள். ஸ்ரீரங்கம் என்றால் ராஜகோபுரம். திருச்சிப் பக்கம் என்றால் மலைக்கோட்டை. பாலக்கரையில் எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மாதா கோயில் மணிக்கூண்டு தெரிகிறது என்பதற்காகவே மேற்குப் பார்த்த ஜன்னல் வைத்த வீட்டை வாங்கிய சித்தப்பா ஒருவர் எனக்கு உண்டு. அவர் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

மேலே பார்த்துவிட்டுப் பரம திருப்தியாக இறங்கி வருகிறார்களே, அவர்கள் எந்தத் தரையில் காலை ஊன்றப் போகிறார்கள் என்று பார்க்கத்தான் வீட்டைச் சோதிக்கிற இன்ஜினியர்களான நம்மைக் கூப்பிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்றது நான்தான், என் வாய் இல்லை. உடனே சரி என்றுவிட்டேன். கம்பி, சிமெண்ட், விரிசலின் அகலம் இதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் படித்துத்தான் வந்திருக்கிறீர்கள். எப்போது பார்ப்பது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

நம் ஜனங்கள் வீட்டை அதற்குத் தோதான மாதத்தில்தான் பார்ப்பார்கள். மருங்காபுரிப் பக்கம் தோட்டத்தோடு வீடு பார்த்த ஒரு மனிதர் கார்த்திகையில் போனார். கிணறு ததும்பிக்கொண்டிருந்தது, வரப்பெல்லாம் பச்சை. பங்குனியில் குடிபோனார். சித்திரையில் தண்ணீர் லாரிக்காரர் அவருக்கு நெருங்கிய சிநேகிதராகிவிட்டார். சரி, அவருக்காவது லாரி இருந்தது. காய்ந்த மாதத்தில் போய் ஈர வீட்டைப் பார்ப்பவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? சம்பத்தும் கோதையும் அப்படி ஒரு வீட்டில்தான் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

சம்பத் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அவர் மனைவி கோதை கணக்கு டீச்சர். ஒரே பெண் வைதேகி, ஆறாம் வகுப்பு. ஸ்ரீரங்கத்தில் ஒரு வாடகைப் போர்ஷனில் இருந்தார்கள். பக்கத்துச் சுவர் மாவு மில். மிளகாய் அரைக்கிற நாளில் அந்தத் தெருவே தும்மும். வைதேகிக்கோ வீசிங். மூச்சு இழுக்க ஆரம்பித்தால் லேசில் அடங்காது. தூசி இல்லாத, ஈரம் இல்லாத, நல்ல காற்று வருகிற இடமாகப் பார்த்துப் போய்விடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தூசியையும் காற்றையும் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் சொன்னதை விட்டுவிட்டார்கள்.

அவர்கள் பிடித்த வீடு கொள்ளிடக் கரைக்குப் பக்கத்தில். ஒரு காலத்தில் வாழைத்தோட்டமாக இருந்து பிளாட் போட்ட இடம். ஆனி மாதக் கடைசி. வெயில் மண்டையைப் பிளந்தது. நான் ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் புரோக்கர் செல்வம் ஓடி வந்துவிட்டார்.

"மேடம், சட்டுபுட்டுன்னு பாத்து ஓகே சொல்லிடுங்க. ஆடி பொறந்துட்டா ஒரு காரியமும் நடக்காது. இவங்க அதுக்குள்ள அக்ரிமெண்ட் போட்டாகணும்."

"உள்ளயே போகலையே செல்வம். அதுக்குள்ள என்ன ஓகே?"

வாசலில் வைதேகி நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியான பெண், ரெட்டைப் பின்னல். முகத்தை அவ்வளவு கடுமையாக வைத்துக்கொண்டிருந்தாள், ஹெட்மிஸ்ட்ரஸ் தோற்றாள். எனக்குப் பிள்ளைகளைக் கண்டால் வாய் சும்மா இருக்காது.

"என்னம்மா, வீடு பாக்க வந்தியா, இல்ல பரீட்சைக்கு வந்தியா? எங்க சித்தப்பா இப்படித்தான் ஒரு ஜன்னல் வாங்கினாரு. கேளு..."

கோதை சட்டென்று என் முழங்கையைத் தொட்டாள். "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்கோ. அவளைச் சிரிக்க வெச்சுடாதீங்கோ. சிரிச்சா இருமல் வந்துடறது. இருமல் வந்தா இழுப்பு வந்துடறது."

காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் வைதேகியைப் பார்த்தேன். உதட்டை அழுத்திக்கொண்டு, தரையைப் பார்த்து, வரவிருந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளை. அது கடுகடுப்பே இல்லை. சித்தப்பாவைப் பாதி ஜன்னலில் விட்டுவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே எங்கே போனோம்? மாடிக்குத்தான். வீட்டுக்காரப் பெரியவர் முன்னால் ஏறினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மனைவியோடு இருப்பவர், மென்மையாகப் பேசுகிற மனிதர். மொட்டை மாடியில் நின்றால் தென்னந்தோப்புக்கு மேலே ராஜகோபுரம் முழுசாகத் தெரிந்தது. குறை சொல்ல முடியாது, கண்கொள்ளாக் காட்சி. சம்பத் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினார்.

"மேடம், தினமும் கார்த்தால இங்க நின்னு சேவிக்கலாம். பெருமாளே கூப்ட்டுட்டார். இதுக்கு மேல என்ன வேணும்?"

நான் வடக்கே திரும்பிப் பார்த்தேன். கொள்ளிடம். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை மணல், நடுவில் நாணல், யாரோ ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு என்று சொன்னால் ஆடே நம்பாது.

கீழே வந்தோம். புதுப் பெயிண்ட், பளபளவென்று தரை. வைதேகிக்கு என்று வைத்திருந்த அறை வடக்குப் பக்கம் இருந்தது. அங்கேதான் என் கால் நின்றது. படுக்கை அறையில் இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ். குளியலறையில் ஒட்டலாம், சமையலறையில் ஒட்டலாம். படுக்கை அறையில் எதற்கு?

"அழகுக்குத்தாம்மா" என்றார் பெரியவர். "தொடச்சா போயிடும், சுத்தமா இருக்கும்."

பிளக் பாயிண்ட் எல்லாம் என் தோள் உயரத்தில் இருந்தன. "குழந்தைங்க கை வெச்சுடக்கூடாதுன்னு." சுவர் அலமாரியின் கீழ்த்தட்டு துடைத்துவைத்த மாதிரி காலி. "எங்களுக்குக் குனிய முடியலம்மா." அவரும் மனைவியும் மாடியில்தான் குடியிருந்தார்கள். முட்டி வலிக்கிற வயதில் கீழே இவ்வளவு பெரிய இடத்தைப் பூட்டிவைத்துவிட்டு மாடியில். "மேல காத்து நல்லா வரும்."

எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கேட்ட மாத்திரத்தில் இருந்தது. அதுதான் எனக்கு இடித்தது. டைல்ஸின் மேல் விளிம்புக்கு மேலே விரலை ஓட்டினேன். பெயிண்ட் ஒரு இடத்தில் அப்பளம் மாதிரி லேசாக உப்பியிருந்தது. அவ்வளவுதான். தட்டிப் பார்த்தேன், ஈரம் பார்க்கிற கருவியை வைத்துப் பார்த்தேன். சுவர் காய்ந்துதான் இருந்தது. காயாமல் என்ன செய்யும், ஊரே காய்ந்து கிடக்கிறபோது?

எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சம்பத் கேட்டார், "ஓகேதானே மேடம்?"

"தெரியல சார்."

"தெரியலன்னா? அதைச் சொல்றதுக்குத்தானே உங்களக் கூப்ட்டோம்!"

"இப்பத் தெரியாதுங்க. ஆடியில, கொள்ளிடத்துல தண்ணி போறப்ப, இந்த ரூமை ஒருதரம் பாத்தாத் தெரிஞ்சுடும்."

செல்வம் வாய்விட்டுச் சிரித்தார். "என்னங்க மேடம் நீங்க! ஆடியில யாராச்சும் வீடு பாப்பாங்களா?"

அதுதான் விஷயம், பிள்ளைகளா. ஆடியில் யாரும் வீடு பார்ப்பதில்லை. தையில் பார்ப்பார்கள், சித்திரை வைகாசியில் பார்ப்பார்கள், ஆனிக் கடைசியில் அரக்கப்பரக்க ஓடுவார்கள். அப்போதெல்லாம் கொள்ளிடம் வெறும் மணல். மேட்டூர் நிரம்பி, முக்கொம்பில் ஷட்டரைத் தூக்கி, உபரித் தண்ணீர் கொள்ளிடத்தில் கரைபுரண்டு போவது பெரும்பாலும் ஆடி ஆவணியில். கரை உடைய வேண்டியதில்லை. இங்கே ஒரு பொட்டு மழைகூட வேண்டியதில்லை. ஆற்றில் தண்ணீர் ஏறினால், கரைக்கு அடியில் உள்ள மணல் வழியாகவே ஊறி வந்து, பள்ளமான இடத்தில் தரைக்குக் கீழிருந்து எழும்பும். மேலே வானம் பளிச்சென்று இருக்கும், கீழே சுவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். ஆவணியில் வருகிறவர்களை ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால் போதும், ஜனங்கள் மறுபடி வீடு பார்க்கக் கிளம்பும் தைக்குள் எல்லாம் வற்றி, சுவருக்குப் புதுப் பெயிண்ட்டும் அடித்தாகிவிடும். அந்த மாதிரி வீட்டை விற்க நம் பஞ்சாங்கத்தைவிட நல்ல புரோக்கர் கிடையாது.

இதைச் சொன்னபோது சம்பத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு சந்தேகத்துக்காக ஆடி வரைக்கும் நிக்கச் சொல்றேளா? அதுக்குள்ள வேற யாராவது கொத்திண்டு போயிடுவா. அதுவுமில்லாம ஆடியில போய் வீடு பாக்கறது எங்காத்துல வழக்கமே இல்ல."

கோதை அவரைப் பேசவிட்டுவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஈரம் இருந்தா இவளுக்கு என்ன ஆகும் மேடம்?"

"நான் டாக்டர் இல்லம்மா. ஆனா ஈரச் சுவத்துல பூஞ்சை பிடிக்கும், அது எனக்கு நல்லாத் தெரியும். மில்லுத் தூசியிலேருந்து காப்பாத்திக் கொண்டுவந்து பூஞ்சைக்குப் பக்கத்துல படுக்க வெக்கணுமா?"

கோதை மகளைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். "ஏன்னா, நின்னு பாக்கலாம்" என்றாள். சம்பத் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அலுவலகத்தில் அடுத்த மண்டகப்படி. "பாஸா ஃபெயிலான்னு ஏதாவது ஒண்ணு எழுதும்மா. தெரியாதுன்னு எழுதுறதுக்கு இன்ஜினியர் எதுக்கு?" என்றார் அப்போதிருந்த மேலாளர். தெரியாது என்று மட்டும் நான் எழுதவில்லை, எப்போது தெரியும் என்றும் எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொள்ளட்டும், அவர் தலைதானே.

இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அப்போது வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் திரிந்தேன். கொள்ளிடத்தில் எல்லா வருஷமும் தண்ணீர் வராது. கர்நாடகத்தில் மழை பெய்ய வேண்டும், மேட்டூர் நிரம்ப வேண்டும். வராவிட்டால் நான் ஒரு நோயாளிப் பிள்ளையை மில் சுவருக்குப் பக்கத்தில் வீணாகப் படுக்கவைத்தவள் ஆகிவிடுவேன். என் வீட்டில் எல்லாரும் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தால் நான் அணையின் நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லாரும் உலக சமாதானத்துக்காக வேண்டினார்கள். நான் குடகு மலையில் மழைக்காக வேண்டினேன்.

ஆடி பிறந்து சில நாளில் சம்பத்திடமிருந்து போன் வந்தது. பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம்.

"மேடம், மில்லுல மஞ்சள் அரைச்சான். கொழந்தைக்கு மூச்சு முட்டிப்போய் அட்மிட் பண்ணியிருக்கு. நெபுலைசர் வெச்சுண்டு கிடக்கறா." அவர் குரல் உடைந்துபோயிருந்தது. "உங்க ஒரு 'தெரியாது'க்காகத்தான் இன்னும் அந்த மில்லு பக்கத்துல உக்காந்துண்டிருக்கோம். இன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. வாங்கட்டுமா, வேண்டாமா? வேண்டாம்னாலும் சரி, சொல்லித் தொலையுங்கோ!"

நீங்களும் ஒருநாள் இந்த போனை எடுப்பீர்கள். அதனால்தான் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். வாங்குங்கள் என்று சொல்லிவிட்டால் அவர் என்னைக் கும்பிடுவார். வேண்டாம் என்றால் திட்டிவிட்டு வேறு வீடு பார்ப்பார். எதைச் சொன்னாலும் எனக்கு அன்றைக்கு நிம்மதி. ஆனால் இரண்டும் எனக்குத் தெரியாத விஷயம். ஆஸ்பத்திரியில் நிற்கிற தகப்பன் அழுகிறான் என்பதற்காகச் சுவருக்குள் இருப்பது மாறிவிடாது. தண்ணீர் குடித்தேன். அப்புறம்தான் அவர் சொன்னதில் இரண்டு விஷயம் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடப்பது எனக்கு உறைத்தது.

"சார், மில்லை விட்டுப் போறது இன்னிக்கே நடக்கணும். அது அவசரம். வீடு வாங்குறது அவசரம் இல்ல. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு வைதேகியைத் தங்க வெக்க சொந்தக்காரங்க வீடு ஏதாச்சும் இருக்கா?"



"கோதையோட தம்பி எடமலைப்பட்டி புதூர்ல இருக்கான். மேல்போர்ஷன் காலியாத்தான் கெடக்கு" என்றார் மெதுவாக. "அது தோணவேயில்ல மேடம்."

"ஆஸ்பத்திரியிலேருந்து நேரா அங்க கூட்டிட்டுப் போங்க."

தோன்றாதுதான். பயந்துபோனவர்களுக்கு ஒரே ஒரு வாசல்தான் கண்ணுக்குத் தெரியும், அதுவும் புரோக்கர் திறந்து வைத்த வாசல். இன்னொரு வாசலைக் காட்டுவதும் நம் வேலைதான். அதற்கு யாரும் சம்பளம் தரமாட்டார்கள், பரவாயில்லை. வைதேகி அங்கே போய்ச் சேர்ந்தாள். எனக்குப் பாதி நெருப்பு அணைந்தது.

மீதிப் பாதியை மேட்டூர் அணைத்தது. அணை நிரம்பியது, முக்கொம்பில் ஷட்டர்களைத் திறந்தார்கள், கொள்ளிடத்தில் இரு கரையும் தொட்டுச் செந்தண்ணீர் வந்தது. நான் உடனே கோதைக்கு போன் போட்டேன். அங்கே வேறு சிக்கல். சம்பத் வரமாட்டேன் என்கிறார். ஆடியில் போய் வீடு பார்த்துவிட்டு, அப்புறம் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தலைவலி வந்தாலும் ஆடியில் பார்த்ததால்தான் என்று தோன்றும் என்கிறார். நான் அதைக் கேலி செய்யவில்லை. எங்கள் வீட்டில் தவக்காலத்தில் கல்யாணப் பேச்சு எடுத்தால் என் அம்மா விளக்குமாற்றை எடுப்பார்.

அடுத்த நாள் கோதையே கூப்பிட்டாள். குரலில் ஒரு குறும்பு.

"மேடம், நாங்க வீடு பாக்கப் போகல. பதினெட்டாம் பெருக்குக்குப் புதுத் தண்ணியைச் சேவிக்கக் கொள்ளிடக் கரைக்குப் போறோம். சித்ரான்னம் கட்டிண்டு போவோம். வெயிலுக்கு எங்கயாவது நிழல்ல உக்காந்து சாப்பிடணுமோன்னோ? தெரிஞ்சவா அகம் ஒண்ணு பக்கத்துலயே இருக்கு. அதுல என்ன தோஷம்? அவரும் சரின்னுட்டார். நீங்களும் சாப்பிட வாங்கோ."

கணக்கு டீச்சர் என்றால் சும்மாவா! எனக்கு அப்படியே அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஆடிப்பெருக்கு அன்று வானத்தில் ஒரு மேகம் இல்லை. கரையில் போலீஸ்காரர்கள் கயிறு கட்டியிருந்தார்கள். ஜனங்கள் எட்ட நின்று பூவைத் தூவினார்கள். ஆனியில் ஆடு மேய்ந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. கோதை மஞ்சளும் பூவும் தூவிக் கும்பிட்டாள். வைதேகியையும் அழைத்து வந்திருந்தார்கள். முகத்தில் கொஞ்சம் தெளிவு, ஆனால் அதே அழுத்திய உதடு. நான் அவளிடம் வானிலையைப் பற்றி மட்டும் பேசினேன்.

பாத்திரங்களோடு அந்த வீட்டு வாசலுக்குப் போனோம். பண்டிகை நாளில் எலுமிச்சைச் சாதத்தோடு வந்து நிற்பவர்களை எந்த வீட்டுக்காரரால் விரட்ட முடியும்? பெரியவருக்கு முகம் ஒரு கணம் மாறியது. பிறகு வாய் நிறைய வரவேற்றார்.

"வாங்க வாங்க! மாடிக்கு வாங்களேன். கோபுரத்தைப் பாத்துக்கிட்டே சாப்பிடலாம்."

சம்பத்தின் கால் தானாக மாடிப்படியைப் பார்த்துத் திரும்பியது. இத்தனை காலமும் இந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொருவர் காலும் அப்படித்தான் திரும்பியிருக்கும்.

"ஏன்னா, கீழயே உக்காரலாம்" என்றாள் கோதை. "வைதேகி ரூம்ல."

"கீழ புழுக்கமா இருக்கும்மா" என்றார் பெரியவர்.

"பரவாயில்ல மாமா. ஃபேன் இருக்கே."

அறையைத் திறந்தார்கள். பினாயில் வாசனை தூக்கி அடித்தது. தரை துடைத்துப் பளபளவென்று இருந்தது. கண்ணால் பார்த்தால் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஒருவேளை நான்தான் தப்போ? கோதை கொண்டுவந்த கோரைப்பாயை விரித்தாள். உட்கார்ந்தோம். எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், புளியோதரை, வடாம். பெரியவரையும் அவர் மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஊர்க்கதை பேசினோம், வெயிலைத் திட்டினோம். யாரும் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவர் மட்டும் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

தயிர் சாதத்துக்கு வந்தபோது வைதேகி நெளிந்தாள்.

"அம்மா, என் பாவாடை ஈரமா இருக்கு."

"தண்ணி கொட்டிண்டியா?"

"இல்லம்மா. கீழேருந்து வரது."

சம்பத் இலையை நகர்த்திவிட்டு எழுந்தார். பாயின் நுனியைப் பிடித்துத் தூக்கினார். பாயின் அடிப்பக்கம் முழுவதும் நனைந்து கறுத்திருந்தது. டைல்ஸ் இடுக்குகளில் வரிவரியாகத் தண்ணீர் கசிந்து நின்றது. அவர் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தார். கையைத் தூக்கிப் பார்த்தார். ஜன்னல் வழியாக வெளியே அடித்துக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்தார். பிறகு மகளைத் தூக்கி நிறுத்தி, நனைந்த பாவாடையைத் தன் மேல்துண்டால் ஒற்றி ஒற்றித் துடைத்தார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. எச்சில் கையோடு பெரியவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, இது மூச்சுத் திணறுற பிள்ளை படுக்கப்போற ரூமுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவர் தலை நிமிரவில்லை. "ஆடி ஆவணியில மட்டுந்தாம்மா. மத்த மாசமெல்லாம் தங்கமான வீடு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஆடியில யாரும் வந்து கேக்கலையே."

"நீங்க வாங்கறப்ப?"

"நானும் தையிலதாம்மா வாங்குனேன்" என்றார். "நேரா மாடிக்குத்தான் போனேன்."

அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையைக் கழுவிக்கொண்டேன். வெளியே வரும்போது சம்பத் கேட்டருகே நின்று கோபுரம் இருக்கும் திசையில் ஒரு கும்பிடு போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "மன்னிச்சுடுங்கோ மேடம், போன்ல கத்திட்டேன்" என்றார். கத்தாத தகப்பன் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன் என்று சொன்னேன்.

அந்த வீட்டை அவர்கள் விட்டுவிட்டார்கள். எடமலைப்பட்டி புதூரில், மைத்துனர் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, மேட்டுப் பாங்கான இடத்தில் ஒரு வீடு வாங்கினார்கள். வாங்குமுன் அதை நான் ஐப்பசி அடைமழையில் குடையோடு போய்ப் பார்த்தேன், கத்திரி வெயிலில் தலையில் துண்டோடு போய்ப் பார்த்தேன். சம்பத்தே ஒவ்வொரு தடவையும் போன் போட்டு, "மேடம், நல்ல மழை, வரேளா?" என்று கேட்கிற ஆளாகிவிட்டார். மொட்டை மாடியில் ஏறினால் கோபுரம் தெரியாது. குடிநீர் மேல்நிலைத் தொட்டி ஒன்று மட்டும் தெரியும். அந்த வருத்தம் அவருக்கு இன்னமும் உண்டு.

அடுத்த ஆடிப்பெருக்குக்கு அந்தப் புது வீட்டில் எனக்குச் சாப்பாடு. அதே கோரைப்பாய், அதே எலுமிச்சைச் சாதம். கீழ்த்தளத்தில் வைதேகியின் அறையில் உட்கார்ந்தோம். சாப்பிட்டு முடித்ததும் கோதை பாயின் நுனியைத் தூக்கிக் காட்டினாள். அடியில் உள்ளங்கை வைத்துப் பார்த்தேன். காய்ந்த தரை, கொஞ்சம் சூடாகக்கூட இருந்தது. வைதேகிக்கு மருந்து நிற்கவில்லை, அதை டாக்டர் பார்த்துக்கொள்கிறார். ஆனால் ஆஸ்பத்திரிப் பக்கம் போய் வெகு நாளாகிறது என்று கோதை சொன்னாள்.

பிறகு என் பக்கம் சாய்ந்து, "மேடம், இப்போ நீங்க அவளைச் சிரிக்க வெக்கலாம்" என்றாள்.

வைதேகி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மறக்கவில்லை. "ஆன்ட்டி, உங்க சித்தப்பா ஒரு ஜன்னல் வாங்கினாரே, அப்பறம் என்ன ஆச்சு?"

சொன்னேன். மணிக்கூண்டு தெரிய வேண்டும் என்று மேற்கே பார்த்த ஜன்னலை வாங்கிய சித்தப்பா, முதல் கோடையில் அந்த அறையில் வெந்துபோனதை. மூடினால் மணிக்கூண்டு தெரியாது, திறந்தால் உயிர் போய்விடும். கடைசியில் மனிதர் ஒரு வழி கண்டுபிடித்தார். சாயங்காலமானால் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார். நடுவில் ஒருநாள் பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தார். உள்ளே நுழைந்தவர் இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, முதலில் சித்தப்பாவுக்கு மந்திரித்துவிட்டுத்தான் வீட்டுக்கு மந்திரித்தார்.

முதலில் அவள் தோள் குலுங்கியது. உதட்டை அழுத்தினாள். அழுத்தி வைக்க முடியவில்லை. வெடித்துக்கொண்டு வந்தது சிரிப்பு. பாயில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குள்ள குடையா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தோம். சிரிப்பு அடங்கியது. இருமல் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி நினைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அப்போதும் வரவில்லை.

சம்பத் எப்போது எடுத்தார் என்றே தெரியவில்லை, மருந்துப் பஃப்பைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அதை மெதுவாகச் சட்டைப் பையில் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ஆன்ட்டி" என்றாள் வைதேகி, "இன்னொண்ணு சொல்லுங்கோ."